நேர்குழாய்

வேம்பு வீட்டில் சண்டை என்பதே கிடையாது. ஆனால் குடமுருட்டி ஆற்றங்கரைத் தெருவில் யாரைக் கேட்டாலும், "அந்த வீட்டுல விடிஞ்சா பொழுதுபோனா சண்டதான்" என்பார்கள். குழம்பில் உப்பு இருக்கிறதா என்று வேம்பு புருஷனைக் கேட்பது தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்கும். "இருக்கு, இருக்கு! அதுக்கு ஏன்டி இந்தக் கத்துக் கத்துற?" என்று காத்தான் அதைவிடப் பெரிதாகக் கத்துவான். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த தபால்காரர் ஒருநாள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து விலக்கிவிட வந்துவிட்டார். அவரை உட்கார வைத்து, ரசம் ஊற்றி, மிச்சச் சாப்பாட்டை அங்கேயே சாப்பிட வைத்துத்தான் அனுப்பினாள் வேம்பு. அதையும் கத்தித்தான் பரிமாறினாள்.

காத்தான் ராஜராஜனின் டிராக்டரை ஓட்டுகிறான். வேம்பு அதே டிராக்டரோடு போகிற பெண்கள் கூட்டத்துக்குத் தலைவி. சம்பா அறுத்த வயலில் மிச்ச ஈரத்தை நம்பி விதைத்த உளுந்து, பங்குனி கடைசியில் காய்ந்து கறுத்து நிற்கும். அதைப் பிடுங்கிப் போராகக் குவித்து வைப்பார்கள். டிராக்டருக்குப் பின்னால் உளுந்து அடிக்கிற மிஷினை மாட்டி, அதன் வாயில் செடியை அள்ளி அள்ளிக் கொடுத்தால் ஒரு பக்கம் உளுந்து கொட்டும், மறுபக்கம் நொறுங்கிய தோலும் சருகுமாகப் பொட்டு பறக்கும். பறக்கிற தூசி பட்ட இடமெல்லாம் அரிக்கும். அதற்காகப் பெண்கள் சேலைக்கு மேலே புருஷன்மாரின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு தலையில் துண்டைக் கட்டிக்கொள்வார்கள். தூசிக்கு மறைப்பு உண்டு. சத்தத்துக்கும் மறைப்பு என்று ஒன்று உண்டென்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

சத்தம் என்றால் லேசுப்பட்ட சத்தமில்லை. மிஷின் போடுவது பாதி, டிராக்டர் போடுவது மீதி. ராஜராஜன் சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்து வண்டி வாங்கிய கையோடு செய்த முதல் காரியம், புகைக்குழாயில் இருந்த சைலன்சர் டப்பாவை வெட்டியெடுத்துவிட்டு நேர்குழாய் வைத்ததுதான். "சத்தம்தான் நமக்கு நோட்டீஸ்" என்பான். இக்கரையில் வண்டி ஓடினால் அக்கரையில் உளுந்துப் போர் வைத்திருக்கிறவனுக்குக் கேட்க வேண்டும், அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு தேடி வர வேண்டும். அந்த வட்டாரத்தில் மிஷின் வைத்திருக்கிற எல்லோருக்கும் இந்த நம்பிக்கை இருந்தது. இப்போது செல்போனில்தான் கூப்பிடுகிறார்கள் என்பது வேறு விஷயம். நம்பிக்கை என்று வந்துவிட்டால் செல்போன் என்ன செய்யும்? போதாததற்கு டிரைவர் தலைக்கு மேலே இரண்டு பாட்டுப் பெட்டி வேறு. அந்த இன்ஜினையும் மீறிப் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் எவ்வளவு சத்தம் வைக்க வேண்டும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

காத்தானின் காது போய் வெகுநாளாகிவிட்டது. அது வேம்புக்கு மட்டும் தெரியும். எதிரில் நிற்பவரின் வாயைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொள்வான். மீதியைத் தலையாட்டிச் சமாளிப்பான். போன் வந்தால், "வண்டியில இருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்று சொல்லி வைத்துவிடுவான். "காத்தாண்ணன் மாதிரி தங்கமான ஆளு கெடையாது. எவ்வளவு திட்டுனாலும் எதுத்து ஒரு வார்த்தை பேசமாட்டாரு" என்று ராஜராஜன் ஊரெல்லாம் மெச்சிக்கொண்டான். திட்டியது காதில் விழுந்தால்தானே எதிர்த்துப் பேசுவதற்கு! செவிட்டு டிரைவரை எந்த முதலாளியும் வைத்துக்கொள்ள மாட்டான் என்று காத்தானுக்குத் தெரியும். அதனால் புருஷனும் பெண்டாட்டியும் அதைத் திருட்டுப் பொருள் மாதிரி வீட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள்.

அந்த வருஷம் மருமகள் வானதியும் கூட்டத்தில் சேர்ந்தாள். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். கைக்குழந்தையை அடுத்த தெருவிலிருக்கும் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வானதி வேலைக்கு வந்தாள். சூட்டிகையான பெண். மிஷின் வாயில் நிற்க மற்றவர்கள் தயங்கும்போது தானாகப் போய் நின்றாள். வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒருநாள் சாயங்காலம் கூடத்தில் சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்தவள், உள்ளே தூளியில் குழந்தை அழுவது தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கொல்லையிலிருந்து வந்த வேம்பு, தூளி ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்துத்தான் ஓடிப்போய்த் தூக்கினாள்.

"என்னாடி, புள்ள வீறிட்டு அழுவுது, கல்லு மாதிரி உக்காந்திருக்க?"

வானதி திடுக்கிட்டு எழுந்தாள். "கேக்கலத்தே. காதுக்குள்ள குய்யுன்னு ஒரு சத்தம் ஓடிக்கிட்டே இருக்கு. புள்ள அழுவுறது எங்கியோ அக்கரையில கேக்குற மாதிரி இருக்கு."

"அது ஒண்ணுமில்ல. உளுந்தந்தூசி உள்ள போயி அடச்சிருக்கும். நல்லெண்ணெயில பூண்டத் தட்டிப் போட்டுக் காச்சி விட்டா சரியாப் போயிடும். நம்ம கூட்டத்துல எல்லாருக்கும் நாந்தான் காச்சிக் குடுக்குறது."

"உங்களுக்குச் சரியாப் போச்சா?"

வேம்பு குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினாள். அவளுக்கும் முதலில் அந்தக் குய் சத்தம்தான் வந்தது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

"தூசி அடச்சா ரெண்டு காதும் ஒண்ணுபோலயா அடைக்கும்? வாங்கத்தே, நாளைக்குத் தஞ்சாவூரு போயி டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடுவோம்" என்றாள் வானதி.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறைக்குள் வேம்பை உட்கார வைத்துக் காதில் எதையோ மாட்டினார்கள். சத்தம் கேட்டால் கையிலிருக்கிற பொத்தானை அமுக்க வேண்டும். வேம்பு பொத்தானைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தாள். எப்போது ஆரம்பிப்பார்கள் என்று கேட்கலாமென்று அவள் நினைத்தபோது, முடிந்துவிட்டது என்று கதவைத் திறந்தார்கள். டாக்டரம்மா இரண்டு பேரையும் எதிரில் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"தூசியெல்லாம் ஒண்ணும் அடைக்கலம்மா. எண்ணெய விடவே விடாதீங்க. சத்தத்துல உள்நரம்பு அடிபட்டுப் போயிருக்கு. உங்களுக்குப் போனது திரும்பாது. மிச்சம் இருக்கறதக் காப்பாத்திக்கலாம். இந்தப் பொண்ணுக்கு இப்பத்தான் ஆரம்பம், இதோட நிறுத்துனா தப்பிச்சிக்கும். சத்தத்தக் குறைக்கச் சொல்லுங்க. காதுக்கு மூடி போடுங்க. ஒரே ஆளு நாள் பூரா மிஷின்கிட்ட நிக்காம மாத்தி மாத்தி நில்லுங்க."

பஸ்ஸில் வேம்பு அழுதாள். தனக்காக அழவில்லை. எத்தனை பெண்களின் காதில் எண்ணெயை விட்டு, 'எல்லாம் சரியாப் போயிடும், போடி' என்று திரும்பவும் மிஷினுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று நினைத்து அழுதாள். கண்டியூர் வருவதற்குள் அழுகை நின்று கோபம் வந்துவிட்டது.

மறுநாள் களத்தில் டீ குடிக்கும் நேரத்தில் ராஜராஜனிடம் பேச்சை எடுத்தாள்.

"தம்பி, அந்தக் குழாய மாத்திப் பழையபடி டப்பாவ வைங்க. எங்களுக்குக் காது போவுது."

"என்னாக்கா நீங்க! வண்டின்னா சத்தம் இருக்கத்தான் செய்யும். சத்தமில்லாம ஓட்ட இது என்னா சைக்கிளா?"

"சிங்கப்பூர்ல கப்பல் பட்டறையிலதானே இருந்தீங்க? அங்க காதுக்கு என்னா போட்டுக்கிட்டு வேல பாத்தீங்க?"

ராஜராஜன் சிரித்தான். "அங்க ரூல்ஸ்க்கா. காதுக்கு மாட்டாமப் போனா கேட்டுக்குள்ளயே விடமாட்டான்."

"அங்க உங்க காதுக்கு ரூல்ஸ் இருக்கு. இங்க எங்க காதுக்கு இல்லியா?"

அவன் சிரிப்பு நின்றது. டீத்தம்ளரை வரப்பில் வைத்துவிட்டு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "அப்ப உங்களுக்குக் காது கேக்கலங்குறீங்க. தள்ளி நிக்கிற உங்களுக்கே கேக்கலன்னா, மேல உக்காந்து ஓட்டுற காத்தாண்ணனுக்கு எப்படி இருக்கு?"

வேம்பு திரும்பிக் காத்தானைப் பார்த்தாள். டிராக்டர் சக்கரத்தடியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த காத்தான், தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது தெரியாமல் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தான்.

"அவருக்கு என்னா? நல்லாத்தான் இருக்காரு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அன்றைக்கு அவள் தன்னையே வெறுத்தாள்.

குழாயை மாற்றமாட்டான் என்றானதும் தன்னால் முடிந்ததைச் செய்தாள். பெண்களையெல்லாம் கூப்பிட்டு, துண்டை இரட்டையாக மடித்துக் காதை மூடிக் கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டச் சொன்னாள். மிஷின் வாயில் நிற்கிற ஆளை மாற்றி மாற்றி விட்டாள். துண்டு பெரிதாகச் சத்தத்தை அடக்கிவிடவில்லை. என்றாலும் ஏதோ ஒன்றைச் செய்திருக்கிறோம் என்று மனதுக்கு ஆறுதலாக இருந்தது.

அப்துல் வஹாபின் வயலில்தான் அது நடந்தது. அவர் ராஜகிரிக்காரர். துபாயில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்து ஊர்ப்பக்கம் நிலம் வாங்கி, வேலையாட்களோடு தானும் வெயிலில் நிற்கிற மனுஷர். அன்றைக்கு அவர் மனைவி நுஸைபாம்மா வீட்டிலிருந்து ஒரு தூக்கு நிறைய மோர் அனுப்பியிருந்தார். பச்சை மிளகாயும் இஞ்சியும் தட்டிப்போட்ட மோர். குடித்துவிட்டு, பழைய சோற்றுக்கு மாங்காயைக் கடித்துக்கொண்டு எல்லோரும் சிரித்துப் பேசிவிட்டுத்தான் மிஷினுக்குப் போனார்கள். மேற்கே மேகம் கட்டியிருந்தது. நனைந்தால் உளுந்து முளைத்துவிடும் என்று வஹாப் வானத்தைப் பார்ப்பதும் போரைப் பார்ப்பதுமாக இருந்தார்.

வானதியின் முறை. அவள் ஒரு கட்டுச் செடியைக் குனிந்து உள்ளே தள்ளியபோது, கழுத்தைச் சுற்றியிருந்த துண்டின் நுனி அவிழ்ந்து செடியோடு மிஷினுக்குள் போனது. மிஷின் துண்டை இழுத்தது. வானதியின் தலை வாய்ப்பக்கம் போனது. அவள் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துத் தன்னைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள். பக்கத்தில் செடி அள்ளிக்கொண்டிருந்த அமிர்தம் ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தாள். "நிறுத்து! நிறுத்து!" என்று அத்தனை பெண்களும் அலறினார்கள்.

காத்தான் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தான். தலைக்கு மேலே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

வேம்பு போரைச் சுற்றி ஓடினாள். சேலை தடுக்கி விழுந்தாள். எழுந்து ஓடி டிராக்டரின் மூக்குக்கு முன்னால் போய் நின்று இரண்டு கையையும் விரித்து ஆட்டினாள். அவள் முகத்தைப் பார்த்ததும் காத்தான் இன்ஜினை நிறுத்தினான். அதற்குள் துண்டு கிழிந்துவிட்டது. அதனால்தான் வானதி பிழைத்தாள். கழுத்தைச் சுற்றிச் செக்கச்செவேலென்று தடிப்பு, முழங்கையில் தோல் உரிந்து ரத்தம். அவளை மடியில் போட்டுக்கொண்டு வேம்பு போட்ட கூச்சல் அக்கரைவரை கேட்டிருக்கும்.

வானதிக்கு ஆஸ்பத்திரியில் மருந்து வைத்துக் கட்டி வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் காத்தான் கொல்லையில் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தான். வேம்பு போய் எதிரில் உட்கார்ந்தாள்.

"எனக்குக் கேக்கலடி" என்றான். "மிஷினு திணறுனா சீட்டு அதுரும். அத வச்சித்தான் ஓட்டுறேன். துண்டு சிக்குனதுக்கு சீட்டு அதுரல. புள்ள கழுத்து போயிருந்தாக்கூட அதுர்ந்திருக்காதுடி."

"தெரியும்."

"அவ மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"துண்டக் கட்டச் சொன்னவளே நாந்தான். நான் முழிக்கல? நாளைக்குக் களத்துல எல்லாத்தையும் போட்டு ஒடைக்கப்போறேன்."

காத்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "வண்டி போயிட்டா நான் என்னா பண்ணுவேன்? எனக்கு வேற என்னா தெரியும், சொல்லு."

"வண்டிய வுடச் சொல்லல. ஒளிக்கிறத வுடுங்க. நம்ம ஒளிச்சதுலதான் அந்தப் பயலுக்குக் குளுரு வுட்டுப்போச்சு. நீங்க தப்பு பண்ணுன மாதிரி ஏன் பயந்து சாவணும்? ஒங்க காத எடுத்துக்கிட்டவன் எவனோ அவன்ல பயப்படணும்?"

அவள் வழக்கம்போலக் கத்தித்தான் பேசினாள். தெருவில் இரண்டு பேர் நின்று, இன்றைக்குச் சண்டை கொஞ்சம் பலம்தான் என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

விடிந்ததும் பாதிப் போர் மிச்சமிருந்த களத்துக்கு எல்லோரும் வந்தார்கள். கழுத்தில் கட்டோடு வானதியும் வந்தாள். வராதே என்று சொன்னதற்கு, "எம் கழுத்துக்குத்தானே பேசப்போறீங்க, நான் இல்லாம எப்படி?" என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள். மேகம் நேற்றைவிட இறங்கியிருந்தது. பெண்கள் யாரும் சட்டை மாட்டவில்லை, செடியைத் தொடவில்லை.

ராஜராஜன் பைக்கை நிறுத்திவிட்டு வந்தான். "என்னா, எல்லாரும் வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? மழ வருது."

"குழாய மாத்துங்க. பாட்டுப் பொட்டிய எறக்குங்க. வாயில நிக்கிறவளுக்கும் ஓட்டுறவருக்கும் காதுமூடி வாங்கிக் குடுங்க. வண்டி ஓடுறப்ப டிரைவருக்கு முன்னாடி ஒரு ஆளு நிக்கணும், கையக் காட்டுனா நிறுத்தணும். அதுக்கப்புறம் செடியத் தொடுறோம்" என்றாள் வேம்பு.

"நேத்து நடந்ததுக்கு நானா பொறுப்பு? துண்ட அப்படி ரெட்டையாக் கட்டச் சொன்னது யாரு?"

"நாந்தான் சொன்னேன். குழாய நீங்க மாத்தியிருந்தா எனக்குத் துண்டு எதுக்கு?"

"அத வுடுங்க. இத்தன பேரு கத்துனது காத்தாண்ணனுக்கு ஏன் கேக்கல? அத மொதல்ல சொல்லுங்க" என்ற ராஜராஜன், காத்தானின் தோளைப் பிடித்துக் களத்துக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்தினான். "அண்ணே, அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. பாத்துடுவோம்."

காத்தான் திரும்பி நின்றான். ராஜராஜன் பத்தடி பின்னால் போய் நின்றுகொண்டான். அவன் வாய் அசைந்தது. காத்தான் அசையவில்லை. திரும்பவும் வாய் அசைந்தது. இந்தத் தடவை அமிர்தம் பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். கேட்கக்கூடாத ஏதோ ஒன்றைச் சொல்லியிருக்கிறான் என்று வேம்புக்கு அதிலிருந்தே புரிந்தது. காத்தான் மட்டும் பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளை மாதிரி, எப்போது முடியும் என்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"பாத்தீங்களா? வண்டில செவிட்ட ஏத்தி வச்சிக்கிட்டு எனக்கு நியாயம் பேசுறீங்க. நாளையிலேர்ந்து வேற டிரைவரப் பாத்துக்கிறேன்" என்றான் ராஜராஜன்.

வேம்புக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை வருஷமாக எதற்குப் பயந்தாளோ அது நடந்துவிட்டது. இனி பயப்பட ஒன்றுமில்லை என்பது அவளுக்கு அந்த நிமிஷம் பளிச்சென்று தெரிந்தது. நேராக நடந்து போய் காத்தானின் பக்கத்தில், அவனைப்போலவே ராஜராஜனுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"எனக்குந்தான் கேக்கல. என்னியும் பாத்துக்க! கூப்புடு!" என்று வயலைப் பார்த்துக் கத்தினாள்.

அமிர்தம் வந்து அவளுக்கு அந்தப் பக்கம் நின்றாள். அப்புறம் மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். வானதி வந்து மாமனாரின் இன்னொரு பக்கம் நின்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். காத்தான் அவளைப் பார்த்தான், வரிசையைப் பார்த்தான், கட்டியிருந்த கையை அவிழ்த்தான்.

ராஜராஜன் பின்னால் என்ன செய்கிறான் என்று வேம்புக்குத் தெரியவில்லை. எதிரே வரப்பில் நின்ற அப்துல் வஹாபின் முகம் மட்டும் தெரிந்தது. அவர் அவர்களைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நெற்றி சுருங்கியது. பிறகு புருவம் ஏறியது. அப்போது ராஜராஜன் கத்த ஆரம்பித்திருக்க வேண்டும். வானதிக்குக் காது இன்னும் முழுசாகப் போய்விடவில்லை. அவள் காத்தானின் கையை இறுக்கிக்கொண்டதைப் பார்த்தால் ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குக் கேட்கிறது. ஆனால் அவள் திரும்பவில்லை. அமிர்தத்துக்கும் கேட்டது. அவளும் திரும்பவில்லை. வேம்பின் கையில் ஒரு மழைத்துளி விழுந்தது.

வஹாப் வரப்பிலிருந்து இறங்கி வந்தார். அவர் வாயை வேம்பு பார்த்துக்கொண்டே இருந்தாள். "ராஜராஜா, முதுகுக்கிட்ட ஏன்ப்பா கத்துற? நீ குழாய மாத்துறவரைக்கும் எம் போர் இப்படியே கெடக்கட்டும். நான் தார்ப்பாய் போட்டு மூடிக்கிறேன். நேத்து ஒரு உசுரு என் களத்துல போவப் பாத்துச்சு. அந்த உளுந்து எனக்கு வேணாம்."

பிறகு உளுந்துத் தட்டையை மிதித்துக்கொண்டு ராஜராஜன் சுற்றி வந்தான். வரிசைக்கு முன்னால் வந்து நின்றான். கத்திக் கத்தி அவன் முகம் சிவந்திருந்தது. காத்தானை நேராகப் பார்க்கத் தயங்கி, மண்ணைப் பார்த்துக்கொண்டு என்னவோ முணுமுணுத்தான்.

"என்னா சொல்றாரு?" என்று வேம்பு வானதியைக் கேட்டாள்.

"சைலன்சர் மாட்டிடுறேங்குறாரு. மாமாவே ஓட்டட்டுங்குறாரு."

"அவரு வாயால சொல்லட்டும். ஒம் மாமா மொகத்தப் பாத்துச் சொல்லட்டும்."

ராஜராஜன் நிமிர்ந்தான். காத்தானின் முகத்தைப் பார்த்து, உதடு நன்றாக அசைகிற மாதிரி சொன்னான். காத்தான் அந்த உதட்டைப் பார்த்து எல்லாவற்றையும் புரிந்துகொண்டான். ஆனாலும் வேம்பைத் திரும்பிப் பார்த்தான். பிறகு வாழ்க்கையில் முதல் தடவையாக, முதலாளிக்கு முன்னால் காதுக்குப் பின்னே கையைக் குவித்து வைத்துக்கொண்டு சொன்னான்.

"கேக்கல தம்பி. சத்தமாச் சொல்லுங்க."